அழுத்தினால் பேட் நின்றுவிடுகிறதா? பாலிஷரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கறுப்பு நிற கார், ஆறு வருஷ வண்டி. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல். ஆன்லைனில் 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒன்று புதிதாக வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் அழுத்தினாலே பேட் (மிஷின் முகத்தில் ஒட்டும் வட்ட ஃபோம்) சுற்றுவது நின்று, சும்மா அதிர்கிறதாம். ஊர் பெயின்டரோ, "இது பொம்மை மிஷின், திருப்பிக் கொடுத்துட்டு ரோட்டரி வாங்குங்க, இல்லேன்னா வண்டியை விட்டுட்டுப் போங்க, ரப்பிங் போட்டு கோட்டிங் அடிச்சுத் தர்றேன்" என்கிறாராம். இடது பின்கதவு மட்டும் தொப்பூர் கணவாயில் லாரி உரசியதால் வெளியே கொடுத்து மறுபடி பெயின்ட் அடித்தது. மிஷின் பழுதா, பெயின்ட் எரிந்துவிடுமா என்பது அவர் கவலை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மிஷின் பழுதாகத் தெரியவில்லை. இந்த வகையில் மோட்டார் பேட்டை நேராகச் சுற்றுவதில்லை. மையத்திலிருந்து விலகி நிற்கும் ஒரு அச்சைத்தான் அது சுற்றுகிறது, அதனால் பேட் 15 மி.மீ. அகலத்துக்கு ஆடுகிறது. பேட் தன்னைத்தானே சுற்றிக்கொள்வது அந்த அச்சில் இருக்கும் பேரிங்கில், தளர்வாக. அழுத்தம் கூடினாலோ, மிஷின் சாய்ந்தாலோ, வளைவில் ஒரு ஓரம் மட்டும் பட்டாலோ சுற்று நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். பெயின்டர் குறை என்று சொல்வது இதைத்தான், உங்கள் பெயின்டைக் காப்பாற்றுவதும் இதுவேதான். ரோட்டரியில் மோட்டார் பேட்டை நேராகவே சுற்றுவதால் அது நிற்காது; கை ஒரு நொடி தவறினாலும் அதே இடத்தில் தேய்த்துச் சூடேற்றும், பாடி லைன் (தகரத்தில் ஓடும் மடிப்புக் கோடு) மேல் பட்டால் அடி கோட் வெளியே வந்துவிடும்.

கம்பெனியில் அடித்த பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மி.மீ.க்கு ஆயிரம் மைக்ரான்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான். வெயிலைத் தாங்குவது அந்த அடுக்கு, அதில் சில மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதனால் ஆழமான கீறலைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது.

இப்போது ஓட்டும் முறை. பேட் ஒட்டியிருக்கும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோட்டைப் பார்த்தால் பேட் சுற்றுகிறதா என்று உடனே தெரியும். நின்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லை பேட்டைப் பலகை மாதிரி தட்டையாக உட்கார வையுங்கள். மிஷினின் சொந்த எடையும் அதன் மேல் சாதாரணமாக வைத்த கையுமே போதும். காம்பவுண்டை (கீறலைத் தேய்த்து எடுக்கும் முரட்டுப் பசை), அல்லது அதைவிட மென்மையான பாலிஷைப் பட்டாணி அளவில் நாலு சொட்டு, பேட் புதிதென்றால் முதல் தடவை அதன் முகம் முழுக்கத் தடவிக்கொள்ள வேண்டும். வேகம் 1-இல் வைத்துப் பூசி, 4 அல்லது 5-க்கு ஏற்றி, இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை மெதுவாக ஓட்டுங்கள், பானட் முழுவதையும் ஒரேயடியாக ஓட்டுகிறவர்களுக்கு எந்த இடத்தில் எவ்வளவு வேலை ஆனது என்றே தெரியாது. முதலில் ஒரே ஒரு இடத்தில் பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும் வைத்துப் பாருங்கள், போதவில்லை என்றால்தான் காம்பவுண்டும் முரட்டு பேடும். கதவுத் தூண், கண்ணாடிக்குப் பக்கத்து வளைவு இங்கெல்லாம் பெரிய பேட் நின்றுகொண்டேதான் இருக்கும், 3 இன்ச் பிளேட் போட்ட சின்ன மிஷின் இல்லையென்றால் கையால் தேய்த்துவிடுங்கள். ஓரங்களுக்கும் கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப். தருமபுரி வெயிலில் மத்தியானம் இதைச் செய்யவே கூடாது, தகரம் சூடானால் காம்பவுண்ட் காய்ந்து மாவாகக் கொட்டும். காலையில், நிழலில்.

அதற்கும் முன்னால் வண்டியைக் கழுவ வேண்டும், இதைச் சொல்லாமல் மிஷினை விற்கிறார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் காய்ந்த ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாக ஒட்டியிருக்கும், அதைக் கரைத்து எடுக்காமல் பேட் வைத்தால் அந்த உப்பைத்தான் தேய்க்கிறீர்கள். கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் லாரிக்குப் பின்னால் ஓடிய வண்டி என்றால் தூசி இன்னும் மோசம். கையை மேலே வைத்தால் சொரசொரப்பாக இருக்கக் கூடாது, இருந்தால் கிளே (ஒட்டிய அழுக்கை இழுக்கும், களிமண் மாதிரியான கட்டி) போட்டு எடுங்கள். அந்த வட்டக் கீறல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வாட்டர் சர்வீஸில் ஒரே பக்கெட், ஒரே பழைய துணி. லாரி டயரைத் துடைத்துவிட்டு அப்படியே உங்கள் பானட்டுக்கு வரும். அங்கேயே தொடர்ந்து கழுவினால் நீங்கள் பாலிஷ் போட்டதெல்லாம் ஒரு மாதத்தில் வீண்.

சரி, பெயின்டர் சொன்ன "ரப்பிங்". இதைப் பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் பல இடங்களில் ரப்பிங் என்று நடப்பது, ரோட்டரியில் கம்பளி பேட் மாட்டி முரட்டு காம்பவுண்டால் அறுத்துவிட்டு, மேலே கீறலை மறைக்கும் எண்ணெய்ச் சத்துள்ள ஃபில்லர் பூசி மினுக்குவது. டெலிவரி எடுக்கும்போது கண்ணாடியாக ஜொலிக்கும். இரண்டு மூன்று கழுவலில் ஃபில்லர் போனதும் ரோட்டரி விட்ட மேகமேகமான தடம் வெளியே தெரியும், மறுபடி போனால் மறுபடி காசு. வண்டி புரோக்கர்கள் விற்பதற்கு முந்தின நாள் செய்வதும் இதே வேலைதான், பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் வழுவழுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் முடித்த இடத்தில் கீறல் நிஜமாகப் போயிருக்கிறதா என்று பார்க்க, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கடையில் கொடுத்தாலும் இந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு, அந்த விஷயமும் அப்படித்தான். 9எச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது பென்சில் கடினத்தை வைத்துப் பார்க்கும் அளவு. கல் தெறித்தால், சாவி பட்டால் கீறும். தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவ சுலபம், அதற்காக வேண்டுமானால் போடலாம். கீறலே விழாது என்று சொல்லி, வருஷா வருஷம் அவர்களிடமே வந்து பராமரிப்புக்குக் காசு கட்டினால்தான் வாரண்டி என்று சின்ன எழுத்தில் போடுகிறவர்களிடம் போக வேண்டாம். புது வண்டி டெலிவரி நாளில் ஷோரூமில் பில்லோடு சேர்த்துத் தள்ளிவிடும் கோட்டிங்கும் இதில் சேர்த்தி.

இன்னொன்று, கல் பட்டறையில் வேலை செய்கிற நண்பர்கள் "எங்க மிஷின்ல ஃபோம் மாட்டித் தர்றேன்" என்பார்கள். அது ஆங்கிள் கிரைண்டர். சின்ன கிரைண்டர்கள் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், காருக்கான ரோட்டரியே 3,000-ஐ ஒட்டித்தான். ஒருபோதும் வேண்டாம்.

இப்போது அந்தப் பின்கதவு. மேலே சொன்னது எதையும் அந்தக் கதவில் அப்படியே செய்யாதீர்கள். பட்டறைக்குப் பட்டறை பெயின்ட் அடிக்கும் விதம் வேறு, கிளியர் எத்தனை கோட், நன்றாகக் காய்ந்ததா, நடுவில் தேய்த்தார்களா, எதுவும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், பில்லிலும் "டோர் பெயின்டிங்" என்று ஒரு வரிதான் இருக்கும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால் 300, 400 மைக்ரான் என்று காட்டலாம். அதைப் பார்த்து "கனமாக இருக்கிறது, தாராளமாகத் தேய்க்கலாம்" என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. மீட்டர் தகரத்துக்கு மேலே உள்ள மொத்தத்தையும் அளக்கிறது, அதில் பெரும்பகுதி பள்ளத்தை நிரப்பத் தடவிய பட்டியாகவே இருக்கலாம். மேலே கிளியர் 20 மைக்ரான்தான் இருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. கிளியரே இல்லாமல் கலரை மட்டும் அடித்து விட்டிருந்தால், தேய்க்கும்போது பேட் கறுப்பாகும். உங்கள் வண்டி கறுப்பு என்பதால் அழுக்கு என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் அந்தக் கதவுக்குப் புது வெள்ளை பேட் எடுத்து, ஜன்னல் ரப்பருக்குக் கீழே மறைவான ஒரு மூலையில் மென்மையான பாலிஷ் போட்டு இரண்டே தடவை கையால் தேய்த்துப் பாருங்கள். பேடில் கறுப்பு ஏறினால் அந்தக் கதவில் மிஷின் வைக்க வேண்டாம். ஏறாவிட்டாலும் மென்மையான பேட், மென்மையான பாலிஷ், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்ற கதவுகளின் பளபளப்பு இதற்கு வராமல் போனாலும் பரவாயில்லை. வேறு எந்தப் பகுதியாவது மறுபடி அடித்ததா என்று தெரிந்துகொள்ள, கதவைத் திறந்து கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, கதவு ஓரத்து பீடிங் ரப்பரில் பெயின்ட் தூறல் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், சாதாரண மீட்டர் அதில் வேலையே செய்யாது.

கடைசியாக, மிஷினைத் திருப்பும் கெடு முடிவதற்குள் ஒரு வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று உரசினாலோ, தடங்கித் தடங்கிச் சுற்றினாலோ பேரிங் சரியில்லை, உடனே மாற்றிக் கேளுங்கள். வழவழவென்று சுற்றினால் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில்லை டவுன்லோட் செய்து வையுங்கள், மிஷின் தலையில் உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் சர்வீஸ் சென்டர் பெங்களூரில், சென்னையில் என்று அலைய விடுவார்கள், ஆறாயிரம் ரூபாய் மிஷினுக்கு பஸ் ஏறி யார் போவது? அப்படி அலையவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, எழுதியபடி முடிந்தால் யாரும் வாடிக்கையாளரை இப்படி அலையவிட மாட்டார்கள். ஆனாலும் புகார் நம்பர் கையில் இருக்கும்போது விற்றவர் பேசும் தொனி மாறும், அதனால் பதிவு செய்யாமல் விடாதீர்கள்.