கடலடி உப்பு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மெக்சிகோ வளைகுடாவின் வடக்குச் சரிவை வரைபடத்தில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. அடியிலுள்ள உப்பு லேசானது, அதனால் மிதந்து மேலே வருகிறது என்கிறார்களே, சரிதானா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பாதி சரி. அங்கே கிடப்பது லூவான் உப்பு. ஜுராசிக் காலத்தின் நடுவில், ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. அதன் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.2 கிராம். எத்தனை ஆழத்தில் புதைந்தாலும் அது பெரிதாக அதிகரிக்காது. சேறு அப்படியல்ல. கடல்தரையில் 1.6, 1.7 என்று இருக்கும். சுமை ஏற ஏற நீர் பிழிந்து கனக்கும். உப்பை மிஞ்ச ஒரு கிலோமீட்டருக்கு மேல் புதைய வேண்டும். ஆகவே 300 மீட்டர் சேறு தன் கனத்தால் உப்பில் மூழ்கிவிட்டது என்றால் கணக்கு இடிக்கிறது.

தொடக்கத்தில் உப்பை நகர்த்துவது சுமையின் ஏற்றத்தாழ்வு. பிசைந்த மாவை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் அல்லவா? ஆறுகள் ஓரிடத்தில் வண்டலைக் குவிக்க, அடியிலிருக்கும் உப்பு சுமை குறைந்த பக்கம் ஊர்கிறது. குவிந்த இடம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் இன்னும் வண்டல் சேர்கிறது. அடியில் பிதுங்க உப்பே மிச்சமில்லாமல் குழியின் அடி தரைதட்டினால் இறக்கம் நிற்கும்.

கேள்வி: குழி இறங்கியது வண்டல் படியும்போதா, பிறகா என்று எப்படித் தெரியும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அடுக்கின் தடிமனைப் பாருங்கள். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தால், படியும்போதே தரை இறங்கியிருக்கிறது. தடிமன் மாறாமல் அடுக்கு வளைந்திருந்தால், வளைவு பிறகு வந்தது. அடுக்குகள் மட்டமாகக் கிடந்து குழியின் சுவரில் முட்டி நின்றால், முன்பே இருந்த பள்ளத்தை கடல்தரையில் சரிவிறங்கிப் பாயும், மணல் கலந்த கலங்கல் நீரோட்டம் வந்து நிரப்பியிருக்கிறது. குழி விளிம்புவரை நிறைந்தால், ஏரி நிரம்பி வழிவதுபோல ஓட்டம் அடுத்த குழிக்கு வழியும். டெக்சஸ் கரைக்கு அப்பால் பிராசோஸ்-டிரினிட்டி குழித்தொடர் இதற்கு நல்ல சான்று. அதன் கடைசிக் குழியில் 2005இல் ஆய்வுத் துளையிட்டார்கள்.

ஓரங்களை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து உப்பு உயர உயர சரிவு செங்குத்தாகி, படிந்தது சரிந்து கலைந்துவிடும்.

கேள்வி: உப்புக்கு அடியில் மேடு தெரிந்தால் எண்ணெய் தேடலாமா? (வாசகர், கோவை)

பதில்: அவசரம் வேண்டாம். கடலடிக்கு ஒலி அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அந்தப் படம் வரைகிறார்கள்; அதற்குப் பெயர் நேரக் குறுக்குவெட்டுப் படம். உப்பில் ஒலி நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் ஓடும். சுற்றியுள்ள வண்டலில் 3,000 என்று வைத்துக்கொள்வோம். 900 மீட்டர் உப்பைக் கடந்து திரும்ப 0.4 நொடி, அதே தடிமன் வண்டலில் 0.6. அந்த 0.2 நொடி, நேரக் குறுக்குவெட்டுப் படத்தில் 300 மீட்டர் பொய் மேடாகத் தெரியும். நேரத்தை ஆழமாக மாற்றிய படத்திலும் மேடு நின்றால் யோசிக்கலாம்.