நடுவில் ஒரு கோடு

(ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்)

டீச்சர், என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஒரே வகுப்பில் 48 பேர். அதில் ஒரு பையன் மேஜையைத் தட்டுவது, குக்கர் விசில் அடிப்பது, அடுத்தவன் டிபன் பாக்ஸை ஒளிப்பது என்று எப்போதும் ரகளை. "நீ நல்ல பையன், இவனைப் பார்த்துக்கோ" என்று என் மகனை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு மாதமாகக் காலையானால் வயிற்றுவலி என்கிறான். அந்தப் பையனுக்கு டி.சி. கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் சிலர் கையெழுத்து வாங்குகிறோம். சரிதானே?
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996. எட்டாம் வகுப்பில் எனக்கும் ஒரு வாலு இருந்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், வாயாலேயே டவுன் பஸ் ஹாரன் அடிப்பான். (நன்றாகவே அடிப்பான், அதுதான் கொடுமை. மொத்த வகுப்பும் சிரிக்கும், பத்து நிமிஷம் போய்விடும்.) அவனைக் கொண்டுபோய் வாயே திறக்காத படிப்பாளிப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரே வாரத்தில் ஹாரன் பாதியாகக் குறைந்தது. ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

படிப்பாளிப் பையன் காலாண்டில் தமிழில் 81. அரையாண்டில் 54. ரேங்க் கார்டில் "கவனம் போதாது" என்று என் கையாலேயே எழுதினேன். பொங்கல் லீவுக்கு முன்னால் வகுப்பைச் சுத்தம் செய்யும்போதுதான் அந்த பெஞ்சைக் கிட்டத்தில் பார்த்தேன். நட்ட நடுவில் காம்பஸ் முனையால் ஒரு கோடு. ஒரு தடவை கிழித்ததல்ல. தினமும் அதன் மேலேயே இழுத்து இழுத்து நகம் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து என்னைச் செய்யச் சொன்ன வேலையை, 13 வயதுப் பிள்ளை தலையில் கட்டியிருக்கிறேன்.

அதனால் உங்கள் மகனின் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், நாளைக்கே. கடைசி மணி அடித்த பிறகு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தப் பையனைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். "என் பையனுக்குத் தினமும் வயிற்றுவலி, வேறு இடத்தில் உட்கார வையுங்கள்" என்பது மட்டும் போதும். ஒரு வாரத்தில் நடக்கவில்லையென்றால் தலைமையாசிரியரிடம் போங்கள். அந்த ரகளைக்காரப் பையன் உட்கார வேண்டிய இடம் ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில், முதல் பெஞ்சின் ஓரம்.

கையெழுத்து விஷயம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வகுப்பில் 48. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே? வாங்கும் கையெழுத்தை, வகுப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி அங்கே கொடுங்கள்.

அப்புறம், அந்தப் பையன் எந்தப் பீரியடில் கத்துகிறான் என்று உங்கள் மகனிடம் கேட்டுப்பாருங்கள். என் ஹாரன்காரன், வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கும்போது, தன் முறைக்கு இரண்டு பேர் முன்னால் சரியாக ஆரம்பிப்பான். நான் வெளியே அனுப்புவேன். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாது என்பதை மார்ச் மாதம்தான் கண்டுபிடித்தேன்.

வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை லீடரை விட்டுப் போர்டில் எழுத வைக்கலாமா?
– புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், அரியலூர்

லீடரின் சிநேகிதன் பெயர் அந்தப் பட்டியலில் என்றைக்காவது வந்து பார்த்திருக்கிறீர்களா? என் வகுப்பில் ஒரு பெயரை அழிக்க ஒரு கடலைமிட்டாய், பெயர் பக்கத்தில் போட்ட இன்ட்டு குறியை அழிக்க இரண்டு. லீடர் பல்வலி என்று லீவு போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நீங்களே எழுதுங்கள் சார்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார்" என்று சொல்லித்தான் எங்கள் அப்பா பள்ளியில் விட்டார். நாங்கள் உருப்படவில்லையா? பிரம்பைப் பிடுங்கியதால்தானே இத்தனை சேட்டையும்?
– 74 வயது வாசகர், குத்தாலம்

ஐயா, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் தடை செய்கிறது, மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. நீங்கள் உருப்பட்டீர்கள், சந்தோஷம். உங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் அடிக்குப் பயந்து நடுவிலேயே ஆடு மேய்க்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.