ஒன்பதாவது கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள்?

உங்களுக்கு விசர் பிடிக்கப் போவதில்லை. தலைப்பாரம், படபடப்பு, மறதி என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்க வந்தது இதைத்தான், அதனால் முதலில் சொல்லிவிட்டேன். படபடப்புக்கு ஈசிஜி எடுத்துச் சரியென்று சொல்லிவிட்டார்கள், அதை விடுங்கள். கறியை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பதும் மூளை பழுதாகி அல்ல, விடிய மூன்று மணிக்கே விழித்துக் கிடந்தால் எதுதான் ஞாபகம் நிற்கும்?

மனச்சோர்வு நோயை அளக்கும் ஒன்பது கேள்விகளை (PHQ-9) போனில் ஒரு நாளைக்கு மூன்று தரம் நிரப்பி, வந்த புள்ளியை 14, 17, 15 என்று கொப்பியில் எழுதுகிறீர்களாம். அவை கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி! இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் போதும். 10 வந்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டியதுதான், பிறகு 14 ஆனாலென்ன 17 ஆனாலென்ன. கொப்பியில் எழுதுவதென்றால் எத்தனை மணிக்கு விழித்தேன், சாப்பிட்டேனா, முன்பு ஆசையாகப் பார்த்த பூக்கன்றுகளுக்கு இன்று தண்ணீர் விட்டேனா என்று எழுதுங்கள், கிளினிக்கில் எங்களுக்கு உதவுவது அதுதான்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நான் இல்லாவிட்டால் இவையளுக்குப் பாரம் குறையும்." மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. ஒன்பதாவது கேள்வி கேட்பதும் இதைத்தான். அப்படி நினைக்க வைப்பது மனச்சோர்வு நோய், அந்த நினைப்பை நம்பாதீர்கள். இன்றைக்கே அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இரவில் தனியே படுக்க வேண்டாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வைக்கக் கணவரிடம் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரக்குவாட் என்ற களைகொல்லி போன்ற கொடிய நஞ்சுகளைத் தடைசெய்த பிறகு இலங்கையில் எத்தனையோ உயிர் தப்பியது. நினைப்பு முற்றினால் நேரம் பார்க்காமல் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு போன் எடுங்கள், இல்லையென்றால் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

எப்படியும் இந்தக் கிழமைக்குள் முல்லைத்தீவோ கிளிநொச்சியோ வவுனியாவோ, எது வசதியோ அங்கே உளநலப் பிரிவுக்குப் போங்கள், காசு இல்லை. மாமியின் நித்திரைக் குளிசையில் பாதி போடுகிறீர்களே, யார் சொல்லித் தந்தது? அந்தப் பெட்டியையும் கொண்டு போங்கள், எப்படி நிறுத்துவதென்று அவர்கள் சொல்வார்கள். மருந்து தந்தால் வேலை செய்ய இரண்டு, நான்கு வாரம் பிடிக்கும், நாலாம் நாளே "சரிவரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். தைரோயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் இரத்தம் எடுக்கக்கூடும், அதற்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை.