பீரில் டெட்டால் வாடை: கிருமியா, குழாய்த் தண்ணீரா?

கேள்வி: டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லிச் சாறு) வாங்கி வீட்டு பேஸ்மென்டில் 20 லிட்டர் பேல் ஏல் பீர் போட்டேன். பாட்டிலில் அடைத்த அன்றே டெட்டால் மாதிரி ஒரு வாடை. இன்னும் அப்படியே இருக்கிறது. கிருமி புகுந்துவிட்டது, வாளியையும் டியூபையும் தூக்கிப் போடு என்கிறார் நண்பர். குளிர்காலத்தில் போட்ட முந்தைய பீரில் வெண்ணெய் வாடை. எங்கே தப்பு?

பதில்: வாளியைத் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீரைப் பார்ப்போம்.

டெட்டால் என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதில் இருக்கும் குளோராக்ஸிலினால், குளோரின் ஏறிய ஒரு ஃபீனால் வகை வேதிப்பொருள். உங்கள் பீரில் உண்டாகியிருப்பதும் அந்தக் குடும்பம்தான்: குளோரோஃபீனால். மால்ட்டிலும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலும் ஃபீனால்கள் இயல்பாகவே உண்டு. தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றோடு சேர்ந்தால் இந்த வாடை வந்துவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும்.

எக்ஸ்ட்ராக்டில் போடுபவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு லிட்டரை மட்டும் கொதிக்க வைத்துவிட்டு, மீதிக்குக் குழாயைத் திறந்துவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டொராண்டோவில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்து, குளோரமைனாகத்தான் தண்ணீர் வருகிறது. வெறும் குளோரின் என்றால் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். குளோரமைன் அப்படி லேசில் போகாது. கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

இதற்கு மருந்து, ஹோம்ப்ரூ கடைகளில் கிடைக்கும் கேம்ப்டன் மாத்திரை. அதாவது பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும். உங்களுக்கு அரை மாத்திரையே தாராளம். பொடித்துப் போட்டுக் கலக்கிவிட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கொதிக்கிற தண்ணீருக்கு மட்டும் போட்டுவிட்டு, மேலே ஊற்றுகிற தண்ணீரை மறந்துவிடாதீர்கள். (வீட்டில் யாருக்காவது சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்றால் கார்பன் ஃபில்டர் போதும். தண்ணீரை மெதுவாக விட வேண்டும், அவ்வளவுதான்.)

அப்புறம், வாளியை எதில் கழுவுகிறீர்கள்? துணிக்குப் போடும் பிளீச் என்றால் அதை இன்றோடு நிறுத்துங்கள். சரியாக அலசாத பிளீச்சும் இதே வாடையைத் தரும். ஸ்டார் சான் மாதிரி அமிலக் கரைசல் வாங்கினால் அலசவே தேவையில்லை.

நண்பர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. காட்டு ஈஸ்ட் (நாம் போடாமல் தானாகப் புகுவது) புகுந்தாலும் மருந்து வாடை வரும். ஆனால் அது நாளாக நாளாக ஏறும், பாட்டில் திறந்ததும் நுரை பொங்கி வழியும், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.010-ல் நின்ற பீர் இன்னும் கீழே இறங்கியிருக்கும். உங்களுடையது முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி இருப்பதால்தான் தண்ணீரைச் சந்தேகப்படுகிறேன். இந்த 20 லிட்டர் மட்டும் தேறாது. குளோரோஃபீனால் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது, கொட்டிவிடுங்கள்.

வெண்ணெய் வாடை வேறு கதை. அது டைஅசெட்டில். ஈஸ்ட் வேலை செய்யும்போது வருவது. கடைசியில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். குளிர்கால பேஸ்மென்டில் விறைத்துப்போய் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டால் யார் எடுப்பது? புளிப்பும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா. வெறும் வெண்ணெய் என்றால் பாட்டிலில் அடைப்பதில் காட்டிய அவசரம்தான் காரணம். நுரை அடங்கத் தொடங்கியதும் வாளியை மாடிக்குக் கொண்டுவந்து, 20 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள்.

ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டதா என்று பார்க்க, பாட்டிலில் அடைக்கும் முன் இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுங்கள். ஒன்றை மூடி, 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் மோந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு நாள் விட்டு, மறுபடி பாருங்கள்.