எங்கள் வீட்டுக்கு யாருமே வராத சுகாதார சர்வேயை வைத்து ஏழை, பணக்காரர் ஆரோக்கிய வித்தியாசத்தை எப்படிச் சொல்ல முடியும்?

கேள்விக்குக் கீழே விளக்கத்தில் "இதெல்லாம் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்து நிரப்புவது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். மற்றபடி நான் இங்கே படிப்பதோடு சரி.

நீங்கள் சொல்லும் சர்வே தேசிய குடும்ப நல ஆய்வு (NFHS) என்றே எடுத்துக்கொள்கிறேன். அதன் ஐந்தாவது சுற்றில் விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருத்தி. 2020 ஜனவரியில் ஆரம்பித்து, மார்ச்சில் ஊரடங்கால் நின்று, டிசம்பர் கடைசியில் மறுபடி தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்த வேலை. படித்தது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி). புள்ளியியல் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், கணக்கில் ஓட்டை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். களத்தைப் பற்றி மட்டும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை? அந்தச் சுற்றில் நாடு முழுக்க எடுத்தது 6,36,699 வீடுகள். தமிழ்நாட்டில் 27,929. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 1.85 கோடி குடும்பங்கள். வகுத்துப் பாருங்கள், 660 வீட்டுக்கு ஒன்றுதான். வந்தும் இருக்கலாம். நீங்கள் அபார்ட்மெண்ட்வாசி என்று நினைக்கிறேன், அப்படியானால் செக்யூரிட்டி கேட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார். நான் பார்த்தவரை ரொம்ப வசதியானவர்களும் ரொம்ப இல்லாதவர்களும்தான் எங்களுக்குக் கிடைக்காமல் போனவர்கள். இல்லாதவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் இஷ்டத்துக்கு வீடு பிடிக்க முடியாது. எந்தக் கிராமம், நகரத்தில் எந்தப் பகுதி என்பதை மேலேயே குலுக்கி எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்பே வேறொரு குழு வந்து வரைபடம் போட்டு, எல்லா வீட்டையும் பட்டியல் எடுத்திருக்கும். அதிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகள். அந்த 22 தான். பக்கத்து வீட்டு அக்கா நாற்காலி போட்டு, "இப்படி உக்காரும்மா, என்னையக் கேளு, நான் எல்லாம் சொல்றேன்" என்று கூப்பிட்டாலும் கேட்கக் கூடாது. வீடு பூட்டியிருந்தால் திரும்ப வர வேண்டும், குறைந்தது மூன்று தடவை. அப்போதும் ஆள் இல்லையென்றால் பூட்டிய வீடு என்று குறித்துவிட்டு நகர வேண்டியதுதான், அதற்குப் பதிலாக வேறு வீடு கிடையாது. வெயிலில் அந்த மூன்றாவது தடவை போய் நிற்கிறவளிடம் வந்து லாட்ஜ் என்கிறீர்கள். நாடு முழுக்க எங்கேயும் தில்லுமுல்லு நடக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் டீமில் நடக்கவில்லை.

சரி, ஏற்றத்தாழ்வு. அந்தச் சுற்றின் அறிக்கையில் மாநிலச் சராசரியை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மூடினால் ஒன்றும் தெரியாது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே அறிக்கையில் சிசேரியன் 44.9 சதவீதம். பிரித்தால் அரசு மருத்துவமனையில் 36.0, தனியாரில் 63.8. அதற்கு முந்தைய சுற்றில், 2015-16ல், தனியாரில் 51.3 ஆக இருந்தது. சிக்கலான கேஸ்களைக் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் அரசு மருத்துவமனையில்தான் எண் கூடுதலாக இருக்க வேண்டும். ஏற்றத்தாழ்வு என்றால் ஏழைக்குக் கிடைக்காதது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. காசு இருப்பவருக்குத் தேவைக்கு மேல் கத்தி வைப்பதும் இதில்தான் சேர்கிறது. டாக்டர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், நட்சத்திரம் பார்த்து நாள் குறித்துக் கொடுக்கிற மாமியார்களும் இதில் உண்டு.

அடுத்து, யார் ஏழை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? வருமானத்தைக் கேட்பதில்லை, கேட்டாலும் யாரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை. தரை, சுவர், கூரை, கழிப்பறை, அடுப்பு, கட்டில், நாற்காலி, மின்விசிறி, டிவி, சைக்கிள், செல்போன், வங்கிக் கணக்கு என்று நீளமான பட்டியல் ஒன்று உண்டு. அதை வைத்து மதிப்பெண் போட்டு, நாட்டு மக்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஐந்து தட்டாக வெட்டுகிறார்கள். இங்கேதான் எனக்கு உறுத்தல். செஞ்சிப் பக்கம் ஒரு வீடு. மண் சுவர், மேலே தார்ப்பாய். உள்ளே 2006 தேர்தலில் சொல்லிக் கொடுத்த அரசாங்கக் கலர் டிவி, 2011 தேர்தலுக்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டரோடு வந்த ஃபேன், பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், நூறு நாள் வேலைக்காகத் திறந்த பேங்க் கணக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் ஒவ்வொன்றாக "உண்டு" என்று தட்டிக்கொண்டே போகிறேன். அந்த வீட்டு மனுஷி அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது அந்த மதிப்பெண்ணில் வராது. பீகாரில் இதே கஷ்டத்தில் இருக்கிற குடும்பம் அடித்தட்டில் நிற்கும்போது, இவர்கள் ஒரு படி மேலே போய் உட்கார்ந்திருப்பார்கள். உடனே நான் இலவசத்தைக் கிண்டல் செய்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், எங்கள் அம்மா வீட்டில் ரொம்ப நாள் ஓடியது அந்த டிவிதான். கொடுத்தது சரி. அதை வசதியின் அடையாளமாக எண்ணுவதில்தான் கோளாறு. மாநிலத்துக்குள் மட்டும் தனி வரிசை போட்டுப் பார்க்க வழி இருக்கிறது, செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் டிவி விவாதத்தில் எண்ணை நீட்டுகிறவர்கள் அதைச் செய்வதில்லை.

இன்னொன்று, நோய் இருக்கிறதா என்று வாயால் கேட்டு வாங்கும் பதில். 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் (NSS, இது வேறு சர்வே) 75ஆவது சுற்றில், கடந்த 15 நாளில் உடம்பு சரியில்லை என்று சொன்னவர்கள் கேரளத்தில்தான் மிக அதிகம். பீகாரில் ரொம்பக் குறைவு. அப்படியென்றால் பீகார்தான் ஆரோக்கியமான மாநிலமா? பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: படிப்பும் மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தன் உடம்பில் இருப்பது நோய் என்று தெரிகிறது. நான் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஆயா ஒருத்தர். "ஆயா, பி.பி., சர்க்கரை எதாவது இருக்கா?" என்றேன். "எனக்கு என்னாம்மா நோவு, காலையில கூட களையெடுத்துட்டுதான் வந்தேன்" என்றார். பி.பி., சர்க்கரை அளக்கக் கூட வந்த ஹெல்த் இன்வெஸ்டிகேட்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் பி.பி. பயமுறுத்துகிற அளவுக்கு இருந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்து, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி மகனிடமும் சொன்னோம். வாயால் மட்டும் கேட்டிருந்தால் அவர் நோயில்லாத கணக்கில் போயிருப்பார். 15 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளப்பது ஐந்தாவது சுற்றில்தான் வந்தது. அதிலும் ஒரு குறை: பெண்களுக்கான பெரிய கேள்வித்தாள் 49 வயதோடு சரி. அந்த ஆயாவின் கையைப் பிடித்து பி.பி. பார்க்கலாம், டாக்டரிடம் போக யார் தடுக்கிறார்கள், காசு யார் கையில் என்று அவரிடம் கேட்க எனக்குத் தாள் கிடையாது.

இப்போது பூட்டிய வீடுகள். நாங்கள் போனது பெரும்பாலும் தை, மாசி. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஜனங்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போகிற காலம். ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பில் போய் நின்றால் வரிசையாகப் படல் சாத்தியிருக்கும். மூன்று தடவை போனாலும் முப்பது தடவை போனாலும் அவர்கள் சித்திரையோ வைகாசியோ தாண்டித்தான் வருவார்கள். போன இடத்தில், சூளையில் போட்ட கொட்டகையிலாவது யாராவது கணக்கெடுப்பார்களா? அந்தக் கொட்டகை எந்தப் பட்டியலிலும் இருந்தால்தானே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எடுக்கிற கரண்டி அடி வரை போக வேண்டுமே.

பயிற்சி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களை வேலைக்கு எடுத்தது ஒரு ஒப்பந்த ஏஜென்சி. பெயர் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மருத்துவக் காப்பீடு இருக்கிறதா?" என்று கேட்ட எங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கூட இல்லை. ஊரடங்கில் வேலை நின்ற மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. பயணப்படி பாக்கியைக் கேட்டால் "மேலேயிருந்து வரல மேடம்" என்பார்கள், அந்த மேலே யார் என்று இன்றுவரை தெரியாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்ல வேறு இடமும் இல்லை.

அறிக்கையைத் திறந்து பார்ப்பீர்கள் என்றால் ஒரு விஷயம். அட்டவணையில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேர் சொன்னதை மட்டும் வைத்து வந்த எண் அது, ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் 25 பேர் கூடக் கிடைக்கவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011 கணக்குப்படி 1.1 சதவீதம். மாநிலம் முழுக்க நாங்கள் பேசிய பெண்கள் 25,650 பேர். அந்த விகிதத்தில் பார்த்தால் இருளர், மலையாளி (கேரளக்காரர் இல்லை, இங்குள்ள மலைப் பழங்குடி), காட்டுநாயக்கர் எல்லோரும் சேர்ந்தே முந்நூறு பேர்கூடத் தேறாது. அதை மாவட்டவாரியாக, சமூகவாரியாக உடைக்கவே முடியாது. அவர்களை மட்டும் கூடுதலாகச் சேர்த்து, சூளைக்கும் போய், தனியாக ஒரு ஆய்வு எடுத்தால்தான் உண்டு. எடுத்தால் நான் வரத் தயார். சம்பளத்தை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள்.