நோட்டீஸில் ‘லெக்ஸ்’ என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: கைமாற்றாக வாங்கிய கடனுக்காக எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் ‘துரா லெக்ஸ், செத் லெக்ஸ்’ என்று இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்த தரகர், “இது லெக்ஸ் சட்டப்படி வந்த நோட்டீஸ், பதில் போடவே முடியாது, பத்தாயிரம் கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன்” என்கிறார். லெக்ஸ் என்றால் என்ன?

பதில்: லெக்ஸ் சட்டம் என்று ஒரு சட்டம் கிடையாது. இலத்தீன் மொழியில் ‘லெக்ஸ்’ என்றாலே சட்டம்தான். உங்கள் நோட்டீஸில் உள்ள வாக்கியத்தின் பொருள், ‘சட்டம் கடுமையானது, ஆனாலும் அது சட்டம்’ என்பது மட்டுமே. அதனால் உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ரோமானியரிடையிலேயே பேச்சு இருந்தது. ‘லெகெரே’ என்றால் பொறுக்கியெடுத்தல், தேர்ந்தெடுத்தல், வாசித்தல். அதிலிருந்தே லெக்ஸ் வந்தது என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ எழுதினார். ‘கட்டுதல்’ என்னும் பொருளுடைய ‘லிகாரே’யிலிருந்து வந்ததாக 13-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னார்; நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கும். இன்றைய மொழியியலாளர் பலர் சிசரோவின் பக்கம் சாய்ந்து, ‘சேர்த்தல், பொறுக்குதல்’ என்னும் பழைய வேரையே காட்டுகின்றனர். ஆங்கிலத்தின் ‘லா’ இதிலிருந்து வந்தது என்று பயிற்சி மையக் குறிப்புகளில் அச்சடிக்கிறார்கள், அது தவறு. ‘லீகல்’ லெக்ஸின் வழி வந்தது. ‘லா’வோ, ‘வைக்கப்பட்டது’ என்னும் பொருளில் வட ஐரோப்பிய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

பழைய வழக்கில் லெக்ஸ் என்பது ஒப்பந்த நிபந்தனையையும் குறித்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய காட்டோ, ஒலிவ எண்ணெய் ஆட்டும் வேலையைக் குத்தகைக்கு விடும்போது ‘இந்த லெக்ஸ்படி’ விட வேண்டும் என்று கூறி நிபந்தனைகளை அடுக்குகிறார். அரசின் சட்டமும் மறைவில் பிறக்கவில்லை. முன்மொழிவை முதலில் பொதுவில் அறிவித்து, மூன்று சந்தை நாள்கள் கழிந்த பின்னரே மக்கள் அவையில் வாக்கெடுக்க வேண்டும் என்று கி.மு. 98-இல் ஒரு சட்டமே செய்தார்கள். ஊரறிய வைக்கப்பட்ட ஒன்றின் பெயரை, யாருக்கும் புரியாத மிரட்டலாக மாற்றியிருப்பது எனக்கு ஆறாத கோபம்.

‘துரா லெக்ஸ்’ வாக்கியத்தின் மூலமும் கடனைப் பற்றியதன்று. மணவிலக்குப் பெற்ற பெண் 60 நாள்களுக்குத் தன் அடிமைகளை விடுவிக்கக் கூடாது என்ற விதியைப் பற்றி, ‘இது மிகக் கடுமைதான், ஆனால் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது’ என்று ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதினார். அதைச் சுருக்கி மனப்பாட வாக்கியமாக்கிவிட்டார்கள். சட்டக் கல்லூரிகளும் இத்தகைய தொடர்களை, எந்தச் சூழலில் எழுதப்பட்டவை என்று சொல்லாமல் ஒப்பிக்கவைக்கின்றன. ஒப்பித்தவர்கள் தமிழருக்குத் தமிழர் அனுப்பும் நோட்டீஸில் அவற்றைத் தூவுகிறார்கள்.

தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பின் கோரிக்கை, நீதிமன்ற உத்தரவு அன்று. அதற்குப் பதில் அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாங்கிய தொகை, திருப்பிக் கொடுத்தது, மீதி ஆகியவற்றை எழுதி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, ஒப்புகை கிடைக்கும் அஞ்சலில் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். நீங்கள் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பி, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நோட்டீஸ் வந்திருந்தால் நிலைமை வேறு. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள்களுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்தாவிட்டால், உங்கள் மீது குற்ற வழக்கே தொடர முடியும். பதில் மட்டும் அனுப்பினால் அந்த 15 நாள் நிற்காது. தரகரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் நிற்காது. ‘நோட்டீஸை வாங்க மறுத்துவிட்டேன்’ என்பதும் பொதுவாக எடுபடாது. எனவே இலத்தீன் வரியை விட்டுவிட்டு, ‘138’ என்ற எண் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நோட்டீஸ் கிடைத்த தேதியை உறையின் மேல் குறித்துக்கொண்டு இன்றே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.