தனியாக கேம் செய்பவருக்கு மானியம் கிடைக்குமா? வேலையை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருந்துகொண்டு இரவு நேரத்தில் ஒரு வீடியோ கேம் செய்கிறார். மானியம் வாங்க முடியுமா, அதற்காக வேலையை விடலாமா என்று இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில்: முடியும், நாங்கள் வாங்கினோம். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் கேம் ஒரு புதிர். பவானி ஜமக்காளம் நெய்வதுதான் ஆட்டம். நான் நிரல் எழுதுகிறேன், நண்பர் படம் வரைகிறார். ஐந்து இடங்களில் விண்ணப்பித்தோம். நான்கில் இல்லை என்றார்கள், ஒன்றில் கிடைத்தது. கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் எந்தத் திட்டம் என்று சொல்லப்போவதில்லை.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டு நிதிகள்தான். பிரிட்டனில் யூகே கேம்ஸ் ஃபண்ட், ஐரோப்பாவில் கிரியேட்டிவ் யூரோப், ஆஸ்திரேலியாவில் ஸ்க்ரீன் ஆஸ்திரேலியா. படிக்கும்போது நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அவை அந்தந்த ஊரில் பதிவான கம்பெனிகளுக்கு. நான் ஒரு வாரத்தை அந்தப் பக்கங்களிலேயே தொலைத்தேன். உலகம் முழுவதற்கும் திறந்திருப்பதில் பெரியது, அன்ரியல் எஞ்சினை (கேம் செய்ய உதவும் மென்பொருளுக்கு எஞ்சின் என்று பெயர்) உருவாக்கும் எபிக் நிறுவனத்தின் மெகாகிராண்ட்ஸ். 2019-ல் 10 கோடி டாலரோடு தொடங்கினார்கள், ஒரு திட்டத்துக்கு 5,000 முதல் 5 லட்சம் டாலர் வரை என்று அறிவித்தார்கள். பங்கும் கேட்பதில்லை, உரிமையும் உங்களிடமே இருக்கும். தங்களுக்குப் போட்டியான கோடோ எஞ்சினுக்கே 2020-ல் 2.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதைப் பார்த்து கோடோவில் செய்த கேமுக்கும் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேம் என்றால் அவர்கள் எதிர்பார்ப்பது அன்ரியல் எஞ்சின். எங்களுடையது கோடோ, ஆகவே அந்தக் கதவு எங்களுக்கு இல்லை.

இந்தியாவில் கேமுக்கென்றே தனி அரசு மானியம் தேடுவதைவிட ஸ்டார்ட்அப் வழியில் போவது நடைமுறைக்கு ஒத்துவரும். 2021-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் முன்மாதிரி செய்ய 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பணம் நேரடியாக வராது, ஒரு இன்குபேட்டர் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் அமைப்பு) வழியாகத்தான் வரும். மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம் வேண்டும், கம்பெனி தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் என்ற விதை நிதி 10 லட்சம் ரூபாய் என்று ஆரம்பித்தது, பதிலுக்கு 3% பங்கு. பங்கு கொடுத்தால் அது சுத்தமான மானியம் இல்லை, ஆனாலும் கெட்ட பேரம் என்று சொல்லமாட்டேன். கிராஃப்டன் இந்தியாவின் இன்குபேட்டர் போல பெரிய கேம் கம்பெனிகள் நடத்தும் திட்டங்களும் உண்டு. அது 50,000 முதல் 1.5 லட்சம் டாலர் வரை என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. எதுவானாலும் விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். எங்கள் முதல் விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. மூன்று பக்கம் ஜமக்காளத்தின் பெருமை, புவிசார் குறியீடு, நலிந்துவரும் கைத்தறி, தமிழ்ப் பண்பாடு. ஆடுபவர் என்ன செய்வார் என்பது நான்காம் பக்கத்தில், ஒரு வரி.

தப்பு முழுக்க எங்களுடையது மட்டும் இல்லை. ஸ்டார்ட்அப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: நீங்கள் தீர்க்கும் பிரச்சினை என்ன? கேம் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது? நாங்கள் திருதிருவென்று விழித்துவிட்டு, இந்த கேம் கைத்தறிக்குப் புத்துயிர் கொடுக்கும் என்று எழுதினோம். நேர்காணலில் ஒரு அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை தறிக்கு வேலை வரும்? நெசவாளருக்குப் பணம் எந்த வழியில் போகும்?" எங்களிடம் பதில் இல்லை. மீதி இருபது நிமிடமும் நாங்கள் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை, நம்பச் சொல்லிக் கேட்கவும் எங்களுக்கு முகம் இல்லை.

இரண்டாவது முறை அதே கட்டத்தில் உள்ளதை எழுதினோம். புதிர் கேம் வாங்கி விளையாடும் கூட்டம் ஒன்று ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் இருக்கிறது, அவர்கள் புது விதி தேடுகிறார்கள், எங்களிடம் ஒரு புது விதி இருக்கிறது. அந்த விதி இது: கையில் இருக்கும் நூல் தீருவதற்குள் கொடுத்த வரிகளை நெய்து முடிக்க வேண்டும், ஊடையை (குறுக்கு நூல்) இறுக்கி அடித்தால் நூல் கூடச் செலவாகும், தளர்த்தி அடித்தால் பாவு (நெடுக்கு நூல்) வெளியே தெரிந்துவிடும். இவ்வளவுதான். இதைப் படித்தவர் மனதில் ஆட்டம் ஓட ஆரம்பித்துவிடும். பண்பாட்டைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை, ஆனால் பவானி அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. (இந்த விதி எங்கள் மூளையில் உதித்ததும் இல்லை. தறி ஓட்டிய என் மாமாவிடம் பழைய வடிவத்தைக் காட்டியபோது, "இப்படி அடிச்சா பாவு பல்லிளிக்கும்டா" என்றார். அதுவரை எங்கள் கேமில் இறுக்கம் என்ற விஷயமே கிடையாது.)

அடுத்தது வரவு செலவு. முதல் முறை நாங்கள் கேட்டது 3 லட்சம். குறைவாகக் கேட்டால் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. எங்கள் இருவருக்கும் சம்பளம் பூஜ்யம் என்று போட்டு, அதைத் தியாகமாக வேறு காட்டியிருந்தோம். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் கேட்டார்: "பதினான்கு மாதம் என்ன சாப்பிடுவீர்கள்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். சம்பளம் இல்லாதவன் நான்காவது மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவான், கொடுத்த பணம் பாதிக் கேமாக நிற்கும். அவர்கள் பயம் அதுதான்.

அடுத்த முறை போட்ட கணக்கு: இருவருக்கும் மாதம் 25,000 வீதம் 14 மாதம், 7,00,000. இசையும் ஒலியும் 90,000. மொழிபெயர்ப்பு 30,000. சோதிக்க இரண்டு மலிவான போன் 20,000. ஆடிட்டர், கம்பெனி தாக்கல் செலவு 40,000. ஸ்டீம் கட்டணம் 100 டாலர், அதோடு சில்லறைச் செலவும் சேர்த்து 10,000. இதன்மேல் எதிர்பாராச் செலவு 10%. மொத்தம் 9,79,000. முதல்முறை கேட்டதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இந்தத் தடவை கணக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அதுவும் இசைச் செலவைப் பற்றி.

ஆடிப் பார்க்கும்படி ஒரு பில்டு, அதாவது கணினியில் திறந்து ஓட்டக்கூடிய கேம் கோப்பு, கட்டாயம் அனுப்புங்கள். பெரிதாக வேண்டாம், பத்து நிமிட ஆட்டம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் கடைசித் தரத்தில் இருக்க வேண்டும். அதோடு ஒரு இரண்டு நிமிட வீடியோவும். குழுவில் பாதிப்பேர் பில்டைத் திறக்கவே மாட்டார்கள், திறப்பவரிடம் இருப்பது அலுவலக லேப்டாப்பாக இருக்கும். எங்கள் முதல் பில்டு அப்படி ஒரு லேப்டாப்பில் கருப்புத் திரையாக நின்றது. வீடியோவில் லோகோ, இசை, மெல்ல எழும் தலைப்பு எல்லாம் வேண்டாம். முதல் விநாடியிலேயே ஆட்டம் தெரிய வேண்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். 'கேமிங்' என்று சொன்னாலே இங்கே பலருக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், மத்தியில் 2025-ல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை என்று செய்தி முழுக்க அதுவாகவே இருந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்களிடமும் ஒருவர் "இதில் ஆடுபவர் எவ்வளவு கட்டுவார், எவ்வளவு ஜெயிப்பார்?" என்று கேட்டார். முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: பணம் வைத்து ஆடுவது அல்ல, ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் கேம்.

கிடைத்தது 7 லட்சம். கேட்டதைவிட 2,79,000 குறைவு. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். கிடைத்ததே பெரிது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதே கேமைச் செய்ய முயல்வார்கள். நாங்கள் ஒரு நாள் அவகாசம் கேட்டோம். 14 மாதத்தை 12 ஆக்கி, 60 புதிர்களை 40 ஆக்கி, மொழிபெயர்ப்பைத் தூக்கிவிட்டு, மற்ற செலவுகளையும் குறைத்து, இதுதான் 7 லட்சத்துக்கு வரும் கேம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் அந்த வெட்டு கேமுக்கு நல்லதாகவே ஆனது. நாற்பத்தைந்தாவது புதிருக்கு மேல் எங்களுக்கே சலித்துப்போயிருந்தது.

பணம் மொத்தமாக வராது. தவணை தவணையாக வரும், ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு மைல்கல் முடித்துக் காட்ட வேண்டும், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆகவே 'கேம் நன்றாக மெருகேற்றப்படும்' போன்ற மைல்கல்லை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். அது முடிந்ததா இல்லையா என்று யார் சொல்வது? '20 புதிர்கள், ஆரம்பம் முதல் கடைசிவரை ஆடும்படி' என்று எழுதினால் எண்ணிப் பார்த்துவிடலாம். தனி வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் பில், நண்பருக்குக் கொடுத்தாலும் வங்கி வழியாக. மானியம் வருமானக் கணக்கில் வருமா, எவ்வளவு வரி என்பதைப் பணம் வரும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். எங்களுக்கு மார்ச் மாதம்தான் அந்த ஞானம் வந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் தவணை கைக்கு வர எங்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. இரண்டாவது தவணை சொன்ன தேதிக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு கோப்பு ஒரு மேசையில் படுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் வீட்டு வாடகையைக் கட்டியது நான் விடாமல் வைத்திருந்த பகுதிநேர வேலை. விண்ணப்பிக்க வேலையை விடத் தேவையில்லை. முதல் தவணை வங்கியில் விழுந்த பிறகும் உடனே விடாதீர்கள், பாதி நேர வேலையாக மாற்றித் தருவார்களா என்று உங்கள் மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். வேலையில் இருக்கும்போது நீங்கள் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் மானியப் படிவத்தில் உரிமை உங்களுடையது என்று கையெழுத்துப் போடும் முன் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.